நான்கு நிமிடப் படம்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘அவசரக்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது நிமிடம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனை நான்கே நிமிடத்தில் முடித்துக் காட்டியவள். மெஷின் கொஞ்சம் தகவல் எடுத்தால் போதும். மீதியை அவள் எழுதிய புரோகிராம் நிரப்பிவிடும். ஆயிரக்கணக்கான தலைகளின் படங்களைக் காட்டி அதைப் பழக்க ஆறு வருடம் ஆயிற்று. மூன்று மருத்துவமனைகளில் சோதனைக்குப் போய் நான்கு மாதம். எங்கிருந்தும் ஒரு புகார்கூட வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒரு தலை தேவைப்பட்டது. வருவதாகச் சொன்னவர் வரவில்லை. லாரி ஓட்டும் அவள் தம்பி பக்கத்தில் சரக்கு இறக்க வந்திருந்தான். அவனைப் பிடித்துப் படுக்கவைத்தாள். பழைய முறையில் ஒரு படம், புது முறையில் ஒன்று.

எழுந்து வந்தவன் கேட்டான். “என்னக்கா, உள்ள மூளைன்னு ஏதாவது இருக்கா?”

அவள் சிரிக்கவில்லை. நான்கு நிமிடப் படத்தில் குறையே இல்லை. நாற்பது நிமிடப் படத்தில், இடது காதுக்குப் பின்னால், மிளகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

“இன்னொரு தரம் படுடா.”

“லோடு நிக்குதுக்கா.”

“நிக்கட்டும்.”

இரண்டாவது தரமும் அப்படியே வந்தது. “பழைய முறைலதான் ஏதோ கோளாறு மேடம்” என்றார் டெக்னீஷியன். அவளுக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் அந்த நான்கு நிமிடத்தில் மெஷின் தந்த மூலத் தகவலைத் திறந்தபோது, புள்ளி அங்கே மங்கலாக இருந்தது. நல்ல தலைகளையே பார்த்துப் பழகிய புரோகிராம் அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்திருந்தது.

விஷயத்தைக் கேட்ட இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “ஒரு புள்ளிக்காக எல்லாத்தையும் நிறுத்தணுமா? உங்க தம்பிங்கறதால பதறுறீங்க.”

“தம்பியா இல்லாட்டி ரெண்டாவது தரம் எடுத்தே இருக்க மாட்டேன் சார். அதான் பயமா இருக்கு.”

அவர் அனுமதிக்காகக் காத்திராமல், மூன்று மருத்துவமனைகளுக்கும் அவளே போன் செய்து சோதனையை நிறுத்தினாள். புள்ளி கட்டிதான் என்று உறுதியாகி, தம்பிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை; இடது காது மட்டும் கேட்காமல் போயிற்று. அடுத்த மூன்று வாரமும் அவள், சோதனையில் படமெடுத்த அறுநூற்று நாற்பது பேரின் மூலத் தகவல்களைத் திரும்பப் பிரித்துப் பார்த்தாள். ஒன்பது பேரிடம், படத்தில் இல்லாத ஒரு புள்ளி தெரிந்தது.

எட்டுப் பேர் கிடைத்துவிட்டார்கள். ஒன்பதாவது ஆளை அந்த மருத்துவமனை டாக்டர் போனில் கூப்பிட்டபோது அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்தது அந்தப் பெண்ணின் கணவர்.

“அவ போய் பன்னெண்டு நாளாச்சுங்க. ஸ்கேன்ல ஒன்னுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

“நாங்கதாங்க சொன்னோம். தப்பா சொல்லிட்டோம்.” எப்படி நடந்ததென்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் கத்தவில்லை. ஒன்றுதான் கேட்டார். “இன்னும் எத்தனை பேருங்க?”

எட்டு என்று சொல்ல வாயெடுத்தாள். மூலத் தகவலிலேயே பிடிபடாத அளவுக்குச் சின்னதாக இன்னும் எத்தனை இருக்குமோ என்ற நினைப்பு குறுக்கே வந்தது.

“தெரியலைங்க” என்றாள்.