மருதாம்பாள் இறங்காத குண்டம்

மருதாம்பாளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்த அன்று, கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் வீட்டுக்காரர் கந்தன் ஒரு வேண்டுதல் வைத்தார். இவள் எழுந்து நடந்தால் எஸ்டேட் மாரியம்மனுக்குக் குண்டம் இறங்கித் தீ மிதிப்பாள் என்று. தான் இறங்குவதாக வேண்டிக்கொள்ள மனிதருக்குத் தோன்றவில்லை.

அம்மன் பாதிதான் கேட்டாள். தேயிலைக் கூடை சுமந்து சுமந்து வந்த இடுப்புவலி போய்விட்டது. ஆனால் வலது பாதம் தொங்கிப்போனது. முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. ஆபரேஷனில் நரம்பு அடிபட்டிருக்கிறது, சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். ஆகாவிட்டால் உட்கார்ந்துகொண்டா இருப்பேன் என்று கிளென்மார்கன் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டுக்குத் திரும்பியவள், பழைய சேலைக் கரையைக் கிழித்து, தொங்கும் முன்பாதம் தரையில் இடறாதபடி தூக்கி, முழங்காலுக்குக் கீழே இழுத்துக் கட்டினாள். சுவரைப் பிடித்து நடந்தாள், விழுந்தாள், சுவரைத் திட்டிவிட்டு மறுபடியும் நடந்தாள்.

ஒரு நாள் அடுப்பிலிருந்து கங்கு ஒன்று அந்தப் பாதத்தில் விழுந்தது. தோல் கருகும் நாற்றம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். அந்தப் புண் ஆற ஒரு மழைக்காலமே ஆனது.

மாசியில் கோயில் திருவிழா தொடங்கப் பூச்சாட்டு நடந்ததும் பேச்சு கிளம்பியது. வேண்டுதல் பாக்கி நிற்பதால்தான் கால் சரியாகவில்லையாம். சூடே தெரியாத காலுக்குக் குண்டம் இறங்கக் கசக்குதா என்று பக்கத்து வீட்டு அம்சவேணி கேட்டேவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கந்தனும் மஞ்சள் சேலை வாங்கி வைத்துவிட்டார். மருதாம்பாளுக்குப் பயமும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. சூடு தெரிந்த கால் தானாகத் துள்ளி ஓடும். தெரியாத கால் கங்கிலேயே புதைந்து நிற்கும். இன்னொரு புண் வந்தால் காலையே எடுக்க வேண்டியதுதான்.

குண்டத்தன்று கந்தன் அவளைக் கைப்பிடித்துக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினார். அவள் கையை உதறிக்கொண்டாள்.

"ஏனுங்க, வேண்டுன வாய் உங்களுது. கால் மட்டும் எதுக்குங்க என்னுது? நீங்க எறங்குங்க. நான் ஓரமா நடந்து வாரேன்."

பூசாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, புருசன் இறங்கினாலும் செல்லும் என்றார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது கந்தன் வேறென்ன செய்வார்? அம்மா தாயே என்று அலறிக்கொண்டே பாய்ந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

மருதாம்பாள் குண்டத்தின் ஓரமாக, கட்டிய காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள். தாங்க வந்த அம்சவேணியைப் பார்வையாலேயே நிறுத்தினாள். அம்மன் முன்னால் போய் நின்றதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நடந்து வந்துட்டேன் தாயே," என்றாள். "மீதிக் காலக் குடுத்தாலுஞ் சரி, குடுக்காட்டியுஞ் சரி. திங்கக்கெழமை கொழுந்தெடுக்கப் போறேன்."