நல்லபில்லயைக் கூப்பிட்ட குரல்

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும், நானே நம்பாதவள்தான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். மணியாச்சியில் தண்டவாளப் பராமரிப்பு வேலை. ஆவி, பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன்.

கூட வேலை பார்க்கும் ரெங்கம்மாக்கா, போன மாட்டுப் பொங்கலுக்குக் கழுகுமலைப் பக்கம் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஆட்டுக்காரக் குடும்பம். கம்பு அறுத்த கரிசல் காட்டிலேயே பானை வைத்தார்கள். பொங்கியதும் ஆடுகள் பட்டியை விட்டுத் தாமாக எழுந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்த இடத்தைத் தாண்டி வரவேண்டும், வாயால் கூப்பிடலாம், அடித்து ஓட்டக்கூடாது, அதன் பிறகுதான் பொங்கலில் கை வைப்பார்கள்.

எப்போதும் கூப்பிடுகிறவன் அக்காவின் தம்பி சீனி. மேய்ச்சலில் இடி விழுந்து இறந்துபோனான். அதற்கடுத்த பொங்கலுக்கு யார் கூப்பிட்டும் ஆடுகள் வரவில்லை, பொங்கலை அப்படியே மண்ணில் கொட்டினார்களாம். இந்த முறையும் அதே கதிதான். அக்கா கூப்பிட்டார், அவர் அப்பா தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார், ஒரு ஆடும் தலை தூக்கவில்லை. பானையருகே சீனியின் அம்மா உட்கார்ந்திருந்த கோலத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"விருந்தாளியும் கூப்பிடலாம், ஜெபா. நீ ஒரு சத்தம் குடுத்துப் பாரேன்," என்றார் அக்கா.

எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது வேறு. "ரா... நல்லபில்ல, ரா..." என்று நீளமாக, கனமாக, ஒரு ஆம்பளைக் குரல். அதிர்ந்தது என் நெஞ்சு, குரல் என்னுடையதில்லை.

படுத்திருந்த கறுப்பு ஆடு சட்டென்று எழுந்தது. பின்னாலேயே மொத்த மந்தையும் எழுந்து, மஞ்சள் தண்ணீரைத் தாண்டி வந்து என்னைச் சுற்றி நின்றது.

சீனியின் அம்மா வந்து என் தாடையைப் பிடித்து, கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார்.

"பசிக்காய்யா?" என்றார்.

கேட்டது என்னை இல்லை, மகனை என்று எனக்குப் புரிந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். முதல் கவளத்தை எனக்குத்தான் ஊட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்: "எங்க பாசையில ரான்னா வா, நல்லபில்லன்னா கறுத்த பிள்ளன்னு அர்த்தம். அந்த ஆட்டுக்கு அவன் வச்ச பேரு. அவன் போனதுலருந்து அதைச் சொல்ல எங்க யாருக்கும் வாய் வரல. ஒனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை.

இப்போதும் தண்டவாளத்தோரம் யார் யாருடைய மந்தையோ மேய்கிறது. நான் பக்கத்தில் நின்று பேசினால் போதும், அத்தனையும் மேய்ச்சலை விட்டுத் தலை தூக்கி என்னையே பார்க்கின்றன. மந்தை மேயும் இடம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன்.