கூப்பிடாத வீடு

பேய், பிசாசு எல்லாம் மனப்பிராந்தி என்று ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணினவன் நான். அதற்குத்தான் மிஷன் எனக்குச் சம்பளம் கொடுத்தது. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், இது நடந்தது. இந்தக் காதால் கேட்டேன், இந்தக் கண்ணால் பார்த்தேன். கதை கட்டுகிற சாமர்த்தியம் இருந்திருந்தால் நான் இன்னும் நல்ல உத்தியோகத்தில் இருந்திருப்பேன்.

1939ஆம் வருஷம். திண்டிவனத்துக்குக் கிழக்கே, ஓமந்தூரையும் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சேரியில் உபதேசியாராக இருந்தேன். போதகர் திண்டிவனத்தில் இருப்பார். ஊரோடு தங்கி ஜெபம் நடத்துவது என் வேலை. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். சனங்கள் மதம் மாறி இருபது வருஷம்கூட ஆகவில்லை. புதுச் சபைக்குச் சட்டம் ஜாஸ்தி. சாராயம் கூடாது, திருவிழாவுக்குப் போகக் கூடாது. பறை அடிக்கவே கூடாது.

பூமாலை அடித்துவிட்டார்.

அவர் பண்ணையாள். பண்ணைக்காரர் செத்தபோது ஆள் அனுப்பினார்கள். மாட்டேன் என்றால் அன்றைக்கே குடிசையைப் பிரித்து எறிவார்கள். பரணில் கிடந்த பறையை இறக்கி ஒரே ஒரு நாள் அடித்தார். மறு ஞாயிறு மூப்பர் அப்பாதுரை ஆராதனையில் எழுந்து நின்று கேள்வி கேட்டார். போதகரையே கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறவர் அவர். சபை கூடி பூமாலையை விலக்கிவைத்தது.

விலக்கப்பட்டவர் வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. வாய் திறந்து பேசுவதில்லை. அதையெல்லாம் பூமாலை பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். விலக்கத்தில் இருக்கும்போது செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. முந்தின வருஷம் காலராவில் போன அவர் மனைவி வீரம்மாள் அங்கேதான் இருந்தாள். ஏரிப் பக்கம், வேலியோரம். கூலியெல்லாம் போட்டு அவள் மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டி, பக்கத்தில் தனக்கும் இடம் விட்டிருந்தார். அந்த இடம் போய்விடுமோ என்ற பயத்திலேயே மனிதர் பாதியாகிவிட்டார்.

நான் போதகரிடம் நடையாக நடந்து கெஞ்சினேன். கடைசியில் இறங்கிவந்தார். ஈஸ்டர் விடியற்காலை கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை நடக்கும். அங்கே தலையில் கை வைத்து மறுபடி சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பாதுரை அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார். பெரிய வெள்ளியிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் பூமாலை கதவைச் சாத்திக்கொண்டு உபவாசம் இருக்க வேண்டும். ஒருவரும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

வியாழக்கிழமை சாயங்காலம் போய்ச் சொன்னேன். பூமாலை தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். வலது மணிக்கட்டில் ஓர் இரும்புக் காப்பு போட்டிருப்பார். வாலிபத்தில் போட்டது, மணிக்கட்டு எலும்பு பெருத்துக் கழற்றவே வராது. நடக்கும்போது அது தடியின் இரும்புப் பூணில் மோதும். டிங்... டிங்... அவர் வருவது அந்தச் சத்தத்திலேயே தெரியும்.

“ஈஸ்டர் அன்னிக்கி என் ஊட்டு வாசல்லயும் கூப்புடுவீங்களா ஐயா?”

அவர் கேட்டது எங்கள் ஊர் வழக்கத்தைப் பற்றி. ஈஸ்டரன்று இருட்டோடு பாடிக்கொண்டு தெருத் தெருவாகப் போவோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, “கர்த்தர் உயிர்த்தெழுந்தார்!” என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து, “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!” என்று பதில் வரும். பதில் சொன்னவர்கள் எழுந்து வந்து கூட்டத்தில் சேர்ந்துகொள்வார்கள். விலக்கப்பட்ட வீட்டில் மட்டும் கூப்பிடுவதில்லை. லாந்தரைத் துணியால் மூடிக்கொண்டு வாய் பேசாமல் தாண்டிவிடுவோம்.

“கூப்பிட முடியாது பெரியவரே. நீங்களே தோட்டத்துக்கு வந்துடுங்க.”

“சரிங்க ஐயா. கூப்புடாமலே வர்றேன்.”

ஈஸ்டர் வந்தது. நாலு மணிக்குக் கோயில் மணி அடித்தோம். பௌர்ணமி கழிந்து ஐந்து நாள்தான். நிலா இருக்க வேண்டும். அன்றைக்கு மேகம் போட்டு மூடியிருந்தது. லாந்தரோடு நான் முன்னால். எனக்குப் பின்னால் அப்பாதுரை. அவருக்குப் பின்னால் கூட்டம். வீட்டுக்கு வீடு பதில் வந்தது. கதவு திறந்தது. ஆள் சேர்ந்தது.

தெருக்கோடியில் பூமாலை வீடு. லாந்தரை மூடினேன். பாட்டு நின்றது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே வெளிச்சம் இல்லை. எலி செத்த நாற்றம் ஒன்று குப்பென்று வந்தது.

தாண்டிவிட்டோம்.

பின்னாலிருந்து...

“மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்...”

யாரும் கூப்பிடவில்லை. நான் வாயே திறக்கவில்லை. என் கால் நின்றுவிட்டது.

“நிக்காதீங்க” என்றார் அப்பாதுரை. “ஜல்தி நடங்க.”

கதவு திறக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது கேட்கவில்லை. கேட்டது வேறு.

டிங்... டிங்... டிங்...

கூட்டத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்தது. அட, கிழவர் வந்துவிட்டார் என்று மனதுக்குள் சந்தோஷப்படக்கூடச் செய்தேன். மறுபடி பாட்டு எடுத்தோம். அவரும் பாடினார். நல்ல சாரீரம் அவருக்கு. ஆனால் அன்றைக்குக் குரல் ஏதோ பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. பாட்டில் எங்கள் அடி முடிந்த பிறகுதான் அவர் அடி ஆரம்பித்தது.

கடைசியில் வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக முன்னால் ஓடி வந்தார்கள். ஏன் என்று கேட்டேன். லாந்தர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நடந்தார்கள்.

தோட்டத்தில் போதகர் காத்திருந்தார். வேதம் வாசித்ததும் எல்லா விளக்கையும் அணைத்தோம். ஆண்டவர் கல்லறை இருட்டில் இருந்ததை நினைத்து அப்படிச் செய்வது. கிழக்கு வெளுக்கும்வரை ஏற்றக் கூடாது.

கும்மிருட்டு.

“பூமாலை வந்திருக்கிறாரா?” போதகர் கேட்டார்.

“வந்துட்டேன் சாமி.”

வேலியோரத்திலிருந்து வந்தது குரல். வீரம்மாள் பக்கத்திலிருந்து.

போதகர் நடந்துபோகிற சத்தம். ஜெபம் தொடங்கினார். நாலு வார்த்தை. பாதியில் நிறுத்தி, ‘ஆமென்’ என்றார். வேகமாகத் திரும்பி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கை நனைந்திருந்தது.

“தேவசகாயம்... தலை ஐஸ் மாதிரி இருக்கு.”

அதே நாற்றம்.

யாரும் அசையவில்லை.

டிங்...

ஒரே ஒரு தடவை. அப்புறம் இல்லை.

கிழக்கு வெளுத்தது. வீரம்மாள் கல்லறைப் பக்கம் ஒருவரும் இல்லை. ஈரச் செம்மண்ணில் இரண்டு முழங்கால் பதிந்த பள்ளம் மட்டும் இருந்தது.

எல்லோரும் அவர் வீட்டுக்கு ஓடினோம். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவை உடைத்தோம்.

பூமாலை பாயில் கிடந்தார். ஊதிப்போயிருந்தார். செத்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. “வெள்ளிக்கெழம ராத்திரி மொனகுனாரு. போவக் கூடாதுன்னு சொன்னாங்களே...” என்று பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

முழங்கால் இரண்டிலும் செம்மண் அப்பியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

இதைப் பார்த்த பிறகும் அப்பாதுரை மசியவில்லை. “செத்தவன சபைல சேக்க முடியுமா? வெளிய இருக்கச்சே செத்தான். வெளியதான் பொதைக்கணும்.” நான் கத்தினேன். எல்லோர் முன்னாலும் போதகர் தலையில் கை வைத்தாரே, நீங்களும் கேட்டீர்களே என்றேன். எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள்.

“இருட்டு” என்றார் போதகர். “அது யார் தலை என்று எனக்குத் தெரியாது.”

அதைச் சொல்லிவிட்டு அன்று பூராவும் சாம்பல் போட்டுப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். இரும்புக் காப்பைக் கழற்றப் பார்த்தார்கள். கை வீங்கியிருந்ததால் வரவில்லை. காப்போடேயே வேலிக்கு வெளியே, ஏரிக்கரையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். வீரம்மாள் பக்கத்தில் அவர் விட்டுவைத்த இடம் காலியாகவே கிடந்தது.

அந்த வருஷமே நான் முண்டியம்பாக்கத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

1943 ஐப்பசியில் பேய் மழை. மழை விட்டு ஒரு வாரம் இருக்கும். பட்டப்பகலில் அப்பாதுரை என் வாசலில் வந்து நின்றார். இளைத்துக் கறுத்துப்போயிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஏரி ஒடைஞ்சி கரைய அறுத்துக்கினு பூட்டுது ஐயா. பூமாலையப் பொதைச்ச எடம் தொறந்துக்கிச்சி.”

“எலும்பு வெளியே வந்துவிட்டதா?”

“குழில ஒண்ணுமே இல்ல.”

“தண்ணி அடித்துக்கொண்டு போயிருக்கும்.”

அவர் தலையை ஆட்டினார். தண்ணீர் தோட்டத்து வேலியையும் சாய்த்து, வீரம்மாள் கல்லறையையும் பக்கவாட்டில் அரித்துவிட்டதாம். மேலே கட்டின செங்கல்லில் ஒரு கீறல்கூட இல்லையாம். நாலு வருஷமாக யாரும் அதைத் தொட்டதில்லை.

“உள்ள ரெண்டு பேர் இருக்காங்க ஐயா.”

பூமாலைதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“காப்பு இருந்துச்சி.”

“அவர் கையிலா?”

அப்பாதுரை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“இல்லீங்க ஐயா... கண்ணாடி வளையலோட ஒரு கை... வீரம்மா கையி. அதுல மாட்டியிருந்துச்சி.”