மாடி அறையின் ஈரச்சாக்கு

அந்த வருஷக் கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டருக்குப் பண்டுவம் பார்த்தோம்.

அப்பா துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். வழக்கமாக சோப்பு, சென்ட், பேரீச்சம்பழம், எனக்கு ஒரு பொம்மை என்று திறக்கும் பெட்டிக்குள் அந்தத் தடவை துணிகளுக்கு நடுவே பொதிந்து வைத்த அட்டை டப்பாக்கள்தான் இருந்தன. கம்ப்யூட்டர் சாமான் என்றார். பொம்மை இல்லை என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மாவோ அந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகச் சிரித்தபடி வாங்கி, நகையை வைப்பது மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டினாள். சென்ட் பாட்டிலுக்குக்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு அங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை. கட்டப்போகும் வீட்டைக் கட்டி முடித்தது போலவே கம்ப்யூட்டரில் செய்து, வாசலில் நுழைந்து ஒவ்வொரு அறையாகச் சுற்றிவருகிற மாதிரி படம் ஓட்டிக் காட்டுவது. அதை ஊரில் இருந்துகொண்டே செய்யலாமே என்று அவருக்கு ஒரு எண்ணம். சென்னையில் ஒரு கம்பெனிக்காரர்கள், ஒரு வீடு செய்து காட்டுங்கள், சொன்ன தேதிக்குள் வந்து பிடித்துப்போனால் தொடர்ந்து வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். படம் முடிந்தால் அப்பா திரும்பிப் போக வேண்டாம். முடியாவிட்டால் லீவு தீர்ந்ததும் விமானம். இதைப் பெரியவர்கள் ஒன்றும் ரகசியமாகப் பேசவில்லை. அப்பா என்றால் வருவார், போவார் என்று மட்டுமே தெரிந்து வளர்ந்த எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

அந்தப் படத்துக்குப் பெரிய மெஷின் வேண்டுமாம். அப்பாவால் வாங்க முடிந்தது நடுத்தர மெஷின். ஆகவே அதன் மூளையான பிராசசரை, அதற்கு விதித்த வேகத்துக்கு மேலே முடுக்கிவிட்டார். ஓவர்கிளாக் என்று அதற்குப் பெயர். வேலை வேகமாக நடக்கும், ஆனால் கொதிக்கும். கொதிப்பு அளவைத் தாண்டினால் மெஷின் தானே அணைந்து படுத்துக்கொள்ளும்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, வெள்ளிக்கிழமைதோறும் மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ் ஏறி எங்கள் ஊர்க் கோமதியம்மனைக் கும்பிட வருவாள். கோயிலுக்குப் போய்விட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவாள். இந்த ஓவர்கிளாக் கதையைக் கேட்டுவிட்டு முகவாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்பம் ஓவர்டைம்னு சொல்லு. ஒன்னைய அங்கன போட்டுப் பிழியுதானுவ. நீ இங்கன வந்து இதப் போட்டுப் பிழியுதியாக்கும்?"

"அங்க மெஷினுக்குன்னே தனி ஏசி ரூம் உண்டுக்கா. ஆளுகளுக்குத்தான் கெடையாது" என்று அப்பா சிரித்தார்.

எங்கள் வீட்டில் இரண்டு தரப்புக்குமே ஏசி கிடையாது. கீழே ஒரு அறையும் அடுக்களையும்தான். மெஷினை வைக்க மாடியில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுப் போட்ட அறையை விட்டால் வேறு இடமில்லை. சங்கரன்கோவில் வெயிலில் அந்த சீட்டுக்குக் கீழே பகலில் பூனைகூடப் படுக்காது. அங்கேதான் அப்பா மேஜையைப் போட்டார். பிராசசரின் தலையில் சூட்டைக் கடத்துவதற்கென்று பற்பசை போன்ற ஒரு பேஸ்ட்டைப் பட்டாணி அளவுக்கு வைத்தார். அதன்மேல் அலுமினியத் தகடுகளை அடுக்கிச் செய்த ஒரு கனத்த சாமானை உட்காரவைத்து அமுக்கினார். தகடுகள் சூட்டை வாங்கிக்கொள்ளும், அதில் மாட்டிய சின்ன ஃபேன் அதை வெளியே ஊதிவிடும் என்றார். போதாததற்குப் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு எதிரே டேபிள் ஃபேனையும் வைத்தார்.

அம்மாவுக்குத் தெரிந்த சூடு உடம்புச் சூடு. கண் எரிந்தால் தலைக்கு எண்ணெய், வயிற்றைப் பிடித்தால் தொப்புளில் விளக்கெண்ணெய், விடிந்ததும் வெந்தயத் தண்ணீர். இதில் ஒன்றைக்கூட மெஷினுக்குச் செய்ய வழியில்லை என்பது அவளுக்குப் பெரிய குறை. ஆனாலும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தெரு தறி செட்டில் நூல் வந்த பழைய சாக்குகளைக் கேட்டு வாங்கி, கூரை சீட்டின்மேல் விரித்தாள். உச்சி வெயிலில் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று வாளியிலிருந்து மக்கு மக்காகத் தண்ணீர் மொண்டு ஊற்றுவாள். ஜன்னலுக்குத் தன் பழைய நூல்சேலையை நனைத்துக் கட்டினாள். வேலைக்கு நடுவே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு வந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போலப் பெட்டியின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பாள்.

"ஏங்க, நேத்தைக்கு இன்னைக்குக் கொறைஞ்சாப்ல இல்ல?"

"கொறைஞ்சிருக்கு" என்பார் அப்பா, திரும்பிப் பார்க்காமலே. அவள் நிம்மதியாக இறங்கிப் போவாள்.

எனக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. திரையின் மூலையில் மெஷினின் சூடு ஒரு எண்ணாக ஓடிக்கொண்டே இருக்கும். அது எண்பதைத் தொட்டால் நான் சத்தம் போட வேண்டும். அப்பா கொஞ்ச நேரம் வேலையை நிறுத்தி ஆறவிடுவார். அந்த உத்தியோகத்தில் நான் இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. நனைந்த சேலை வழியாக வெயில் பச்சையாக உள்ளே வரும். தலைக்கு மேலே சாக்கின் ஈரவாடை. டேபிள் ஃபேன் முகத்தைத் தடவிவிட்டுப் போகும். பக்கத்துத் தெருவில் தறிகள் விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். எது தறி, எது ஃபேன், எது என் நெஞ்சு என்று பிரிக்கத் தெரியாமல் கண்ணைச் சொருகும்.

திரையில் அந்த வீடு கட்டம் கட்டமாக வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு மூலையில் தரை வரும். பிறகு ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் வேப்பமரம், மாடிப்படியில் விழுந்த வெளிச்சம். ஊஞ்சல்கூட இருந்தது. அது நாங்கள் போய்க் குடியிருக்கப்போகிற வீடு என்று நானே முடிவு செய்துவிட்டேன். எனக்கென்று வேப்பமரம் தெரிகிற அறையைப் பிடித்தும் வைத்துவிட்டேன். அரைத் தூக்கத்தில் அதன் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பேன். அங்கே எப்போதும் சாயங்காலமாகவே இருந்தது, சூடே இல்லை.

"ஏம்ப்பா, இந்த வீட்டுல ஆளே இல்ல?"

"ஆளு போட்டா இன்னும் சூடாவும் மக்கா" என்றார் அப்பா.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தை கோயிலிலிருந்து புற்றுமண் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாள். எங்கள் ஊரில் புற்றுமண்தான் முதல் மருந்து. சிரங்கா, சூட்டுக்கட்டியா, காய்ச்சலா, எதுவானாலும் கோயில் மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டுத்தான் டாக்டரிடம் போவோம்.

"மனுசன் சூட்டையே எடுக்குது. இந்தத் தகரப்பெட்டி சூட்டை எடுக்காதா? தெனமும் குளிச்சிட்டு ஒரு சிட்டிகை போடு. என் தம்பி இங்கனயே கெடக்கட்டும்" என்றாள்.

அம்மா அதைத் தவறவே விடவில்லை. தினமும் காலையில் குளித்து விளக்கேற்றியதும், அப்பா குளிக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து மாடிக்கு வருவாள். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பாள். பிறகு பெட்டியின் தலையில் ஒரு சிட்டிகை மண்ணைத் தூவுவாள். பெட்டியின் தலையோ சல்லடை மாதிரி ஓட்டை போட்டது, காற்று போகட்டும் என்று. மண் மேலே தங்காமல் உள்ளே இறங்கிவிடும். மறுநாள் பார்த்தால் ஒரு பொட்டு இருக்காது. அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று அம்மாவுக்குத் திருப்தி. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

திங்கள்கிழமை காலை படத்தை அனுப்ப வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் நான் சத்தம் போட்டேன். அப்பா நிறுத்தி ஆறவிட்டார். மறுபடி ஓடவிட்டதும் எண் விறுவிறுவென்று ஏறியது. மறுபடி சத்தம் போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிட்டது. கடைசியாக வந்துகொண்டிருந்த மாடிப்படி பாதியில் நின்றது.

அப்பா டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். அம்மா ஓடி வந்தாள். அலுமினியத் தகடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா ஊற்றிய ஈரமும் அம்மன் கோயில் மண்ணும் சேர்ந்து சந்தில்லாமல் அப்பியிருந்தன. மெஷினுக்குள் குட்டியாக ஒரு புற்றே கட்டிக்கொண்டு வந்திருந்தது.

அப்பா அந்தச் சாமானைக் கழற்றி எடுத்தார். பழைய டூத் பிரஷால் தட்டப் போனவர் கையை நிறுத்திக்கொண்டார். புற்றுமண் கால் மிதிபடும் இடத்தில் விழக்கூடாது. "பேப்பர் விரி" என்றார். தலைக்கு மேலே அவ்வளவு அவசரம் இருக்க, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு துகள்கூடத் தரையில் சிந்தாமல் அந்த மண்ணைப் பேப்பரில் சேர்த்தார்கள். விரலில் ஒட்டியதை எங்கே துடைப்பது என்று பார்த்துவிட்டு அப்பா நெற்றியில் பூசிக்கொண்டார். பூசியபிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.

"குளிரட்டும்னுதாங்க போட்டேன்."

"எனக்குத் தெரியாதா" என்றார் அப்பா.

கழற்றினால் புதிதாகப் பேஸ்ட் வைத்துத்தான் மாட்ட வேண்டும். இருந்த டியூப் காலி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊரில் கம்ப்யூட்டர் கடை எதுவும் திறக்கவில்லை. அப்பா பஸ் ஏறி ராஜபாளையம் போனார். அங்கேயும் ஷட்டர்தான். பொழுது அடங்கும் நேரத்தில் வெறுங்கையோடு வந்தார். டியூபைக் கத்தரித்து உள்ளே ஒட்டியிருந்ததை வழித்து வைத்தார். இனி முடுக்கினால் தாங்காது என்று, மெஷினை அதன் பழைய வேகத்துக்கே இறக்கிவிட்டார். ஓவர்டைம் நின்றது. அதன்பின் எண் ஐம்பதுக்கு மேலே போகவேயில்லை. மறுநாள் நான் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தும் சத்தம் போட ஒரு சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

திங்கள் காலை தாண்டி, மத்தியானமும் தாண்டி, சாயங்காலம் படம் முடிந்தது. அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டு ஒருதரம் முழுவதும் ஓட்டிக் காட்டினார். வாசலில் நுழைந்தோம், ஊஞ்சலைத் தாண்டினோம், படியேறினோம், என் அறைக்கு வந்தோம். வேப்பமரம் அசைந்தது. அம்மா நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்தாள். அதைவிட அழகான வீட்டை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

"நல்லா இருக்குன்னாங்க. ஆனா நேத்து காலையிலயே வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். அடுத்த தடவை பார்ப்போம்னு சொல்லியிருக்காங்க." மறுநாள் சாப்பிட்டுக்கொண்டே, பஸ் தாமதமாக வந்ததைச் சொல்வது போல அப்பா சொன்னார். அம்மா அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். தட்டு நிரம்பி விளிம்பில் வழிந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

அத்தைதான் அடுத்த வெள்ளிக்கிழமை வந்து அழுது மூக்கைச் சிந்தினாள். சிந்தி முடித்ததும், "அம்புட்டு மண்ணு உள்ள போயும் எரிஞ்சு சாம்பலாவாம நின்னுச்சு பாத்தியா, அதான் அம்மன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

லீவு தீர்ந்தது. விமானத்துக்குப் போகக் காரை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். இந்தத் தடவை கண்டிப்பாகப் பொம்மை வேண்டும், கண் மூடித் திறக்கிற பொம்மை என்று நான் கார் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சொன்னேன். அப்பா என் தலையைப் பிடித்து வெகுநேரம் முகர்ந்தார். தெரு திரும்புகிறவரை நான் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன். எப்போதும் அப்படித்தானே செய்வேன்.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருந்தது. வெயிலும் குறையவில்லை. ஒரு மத்தியானம் மாடியில் தண்ணீர் சலசலக்கிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அம்மா கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று சாக்குக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னல் சேலையும் நனைத்துக் கட்டியிருந்தது. உள்ளே மெஷின் வயரெல்லாம் கழற்றி, பழைய துண்டு ஒன்றால் மூடிக் கிடந்தது. அவள் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு துண்டுக்குள் புறங்கையை விட்டு, பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாளும் அதேபோலச் செய்தாள். அதற்கு மறுநாளும் செய்தாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. அம்மா மறந்துவிட்டாள், யாராவது ஞாபகப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. மாடிப்படியில் நின்றுகொண்டு, அவள் மனம் நோகாதபடி மெதுவாகவே சொன்னேன்.

"எம்மா, அப்பாதான் போயாச்சேம்மா."

அம்மா சுவர்மேல் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமாட்டி" என்றாள். கையில் இருந்த மக்குத் தண்ணீரையும் சாக்கில் ஊற்றினாள்.

நல்லவேளை, சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.