கடைசி மூன்று படிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரின் கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் வசிப்போர் குழுவுக்கு நான் செயலாளராக இருந்தேன். பேருந்து நிறுத்தத்திற்கு இறங்கும் படிக்கட்டில் கைப்பிடி அமைக்க மானியம் பெற்றுத் தந்தவன் என்ற பெருமிதம் எனக்கு உண்டு. அச்செய்தியைத் தமிழ் நாளிதழுக்கு எழுதியவனும் நானே. எழுதிய அன்று கடைசி மூன்று படிகளுக்கு வேலை மீதமிருந்தது. மாலைக்குள் முடிந்துவிடும் என்று ஒப்பந்தக்காரர் கூறியதை நம்பி, கடைசிப் படி வரை கைப்பிடி அமைந்துவிட்டதாக எழுதி அனுப்பினேன். மாலையில் மழை கொட்டியதால் வேலை நின்றது. செய்தியோ மறுநாள் வெளிவந்தது.

அன்று காலையே, கீழ்த்தளத்தில் வசித்த, பார்வை மங்கிய அந்தோணியம்மாள் அப்படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மருத்துவமனையில் என் குரலைக் கேட்டதும் சிரித்தார்.

"வாங்க செக்ரட்டரி தம்பி! பேப்பர்ல பேரு வந்துருச்சு, இனிமே உங்களைப் பிடிக்க முடியாது லா!"

"எப்படிம்மா விழுந்தீங்க?"

"நீங்க எழுதினதை மக படிச்சுக் காட்டுனா. கடைசி வரைக்கும் கம்பி இருக்குன்னு நெனச்சுக் கையை வச்சேன். அங்க ஒண்ணுமில்ல தம்பி."

அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை. ஒப்பந்தக்காரரின் தாமதம் என்றே அவர் எண்ணியிருந்தார்.

இரண்டு நாளில் கைப்பிடி முழுமையடைந்தது. என் செய்தியும் உண்மையாகிவிட்டது. அதனால் எவரும் திருத்தம் கேட்கவில்லை. முடியாத வேலையை முடிந்ததென்று அறிந்தே எழுதினேன் என்பதை அவரிடம் நான் சொல்லவேயில்லை. அவர் மறைந்த பின்னரே இதை எழுதுகிறேன்.