முப்பத்தேழு அட்டைகள்

என் மேசை இழுப்பறையில் ஓர் அஞ்சலட்டை இருக்கிறது. மஞ்சள் நிறம் மங்கி, ஓரங்கள் பழுப்பேறிவிட்டன. முகவரியின் மேல் தபால்காரர் சிவப்பு மையில் குறுக்கே கோடிட்டு, ‘ஊரை விட்டுப் போய்விட்டார்’ என்று எழுதியிருக்கிறார். மறுபக்கம் நீல மையில் சாய்வில்லாத, உருண்டையான கையெழுத்தில் மூன்று வரிகள்: ‘வெள்ளிக்கிழமை நீங்கள் வந்திருந்தீர்கள். வரவில்லை என்று எழுதியது தவறு. தவறு என்னுடையது.’ கீழே ‘டீச்சர்’ என்ற கையொப்பம். அதற்கும் கீழே இரண்டு விரற்கடை வெற்றிடம்.

பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன், எண்பதுகளின் பின்பாதியில், மதுரையில் ஒரு மிஷன் காசநோய் மருந்தகத்தில் தபால் பார்க்கும் எழுத்தராக மூன்று ஆண்டுகள் இருந்தேன். டீச்சர் அங்கே பதிவேடுகளுக்குப் பொறுப்பு. அதற்கு முன் மிஷன் பள்ளியில் தையல் கற்பித்தவர். அந்தப் பெயர் அப்படியே தங்கிவிட்டது. மருந்தகம் இருந்த வளாகத்திலேயே வெள்ளிக்கிழமைகளில் பெண்களுக்குத் தையல் வகுப்பும் நடந்தது. நோயை வீட்டில் சொல்ல முடியாத பெண்கள் தையலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மருந்து வாங்க வருவார்கள். டீச்சர் அதைத் தடுக்கவில்லை. அவர்கள் வருவதுதான் அவருக்கு முக்கியம்.

வாரம் ஒருமுறை, அவரவருக்குக் குறித்த கிழமையில் வந்து மாத்திரை வாங்க வேண்டும். வராதவர்களுக்கு டீச்சர் அஞ்சலட்டை போடுவார். அட்டையைத் தபால்காரர் படிப்பார், தெருவே படிக்கும் என்பதால் அதில் நோயின் பெயரோ மருந்தகத்தின் பெயரோ இருக்காது; அனுப்புநர் முகவரியாக ஒரு தபால்பெட்டி எண் மட்டும். ‘வெள்ளிக்கிழமை உங்களைக் காணவில்லை. அடுத்த வாரம் தவறாமல் வரவும். – டீச்சர்.’ அவ்வளவுதான். இருபது, முப்பது அட்டைகளை முன்கூட்டியே எழுதி ரப்பர் வளையம் போட்டு வைத்திருப்பார். முகவரி எழுதித் தபாலில் சேர்ப்பது என் வேலை.

வராதவர்கள் யார் என்று கண்டுபிடித்துத் தந்தது ஒரு கணிப்பொறி. வெளிநாட்டுத் திருச்சபை ஒன்று நன்கொடையாக அனுப்பியது. அதில் ஓடியது சி.பி./எம். என்ற அந்தக் காலத்து இயங்குதளம். டீச்சர் அதை ஒரு தையல் இயந்திரத்தைப் பழகுவதுபோல் பழகியிருந்தார். விசைகளைப் பார்க்காமலே கை போகும். ஐந்தாம் ஆண்டில் அதன் திரை அணைந்தது. மதுரையில் பழுது பார்க்க ஆளில்லை. பதிலுக்கு வந்த புதிய கணிப்பொறியில் டாஸ் என்ற வேறோர் இயங்குதளம் ஓடியது. பழைய நெகிழ்வட்டுகளைப் புதியது படிக்கவில்லை. பழைய நிரலும் அதில் ஓடாது.

அடுத்த இரண்டு மாதங்கள் அவர் மாற்று தேடி அலைந்ததை அருகிலிருந்து பார்த்தேன். சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம் செய்த ஒருவரிடம் ஒரு நிரல் இருந்தது. அது சரக்குப் பெயர்களை அடுக்கும், கிழமை பார்த்துப் பிரிக்காது. ஒரு கல்லூரி விரிவுரையாளர் கொடுத்தது கிழமை பார்த்தது; ஆனால் பெயருக்குப் பின்னால் வரும் அப்பா, கணவர் பெயர்களை வெட்டியது. ஒரே ஊரில் நான்கு முத்துலட்சுமிகள் இருந்தால் யாருக்கு அட்டை போடுவது என்று கேட்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றின் உரிமையாளர் கைகொடுத்தார். அவரிடம் இரண்டு வகைக் கணிப்பொறிகளும் இருந்தன. டீச்சர் நெகிழ்வட்டுகளோடு அங்கே போனார். இரண்டையும் ஒரு கம்பி வடத்தால் இணைத்து, இருவரும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, எண்ணூற்றுச் சொச்சம் பெயர்களைப் பழையதிலிருந்து புதியதற்கு ஏற்றினார்கள். தன்னிடமிருந்த ஒரு நிரலையும் டீச்சரின் தேவைக்குத் தக்கபடி திருத்திக் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் டீச்சர் ஒரு கோடு போட்ட தாளை நடுவில் பிரித்து, இடப்பக்கம் பழைய கட்டளைகளையும் வலப்பக்கம் புதியவற்றையும் எழுதித் திரைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். நகல் எடுக்கும் கட்டளையின் கீழ் மட்டும் இரண்டு கோடுகள். பழையதில் நகல் எங்கே போக வேண்டும் என்பதை முதலில் அடித்து, எங்கிருந்து என்பதைப் பின்னால் அடிக்க வேண்டும். டாஸில் அது தலைகீழ். அவருக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் கோடு போட்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம், வாரக் கடைசி நகலை எடுக்கும்போது, அவர் கை பழைய வரிசையில் அடித்துவிட்டது. அந்த வார வெள்ளிக்கிழமைக் கோப்பின் மேல் போன வாரத்து நகல் போய் உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை வந்தவர்களின் பதிவு முழுவதும் அழிந்தது. இயந்திரம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. திங்களன்று டீச்சர் நிரலில் ஒரு சிறு திருத்தம் கேட்கக் கப்பலூர் போயிருந்தார். வெள்ளிக்கிழமை வராதவர்கள் பட்டியலை அச்சடித்தது நான். வழக்கமாக ஆறேழு பெயர்கள் வரும். அன்று நாற்பத்து மூன்று. முகூர்த்த நாள், கல்யாணங்களுக்குப் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எழுதி வைத்திருந்த அட்டைகள் போதாமல், அவர் வாசகத்தை நானே சில அட்டைகளில் எழுதினேன். மாலைக்குள் எல்லாம் தபாலில் சேர்ந்துவிட்டன.

வியாழக்கிழமை காலை, ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். டிராக்டர் ஓட்டுபவர், முப்பது வயதிருக்கும். சட்டைப் பையில் அட்டையை மடித்து வைத்திருந்தார். தையல் டீச்சர் யார் என்று கேட்டார். அவருக்குக் குரல் உயரவில்லை. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

“எம் பொண்டாட்டி வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்கு பஸ் ஏறுச்சு. பொழுதுசாயத்தான் வீடு வந்துச்சு. வரலேன்னு நீங்களே எழுதியிருக்கீக. அப்ப எங்க போச்சு?”

மனைவியை முந்தின நாளே மேலூர்ப் பக்கம் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்.

டீச்சர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மருந்துச் சீட்டுகளை ஒரு மாதம் வரை கம்பியில் குத்தி வைப்பது வழக்கம். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். சீட்டைக் கொண்டுவரவில்லை; அதில் மருந்தின் பெயர் இருந்தது.

“வந்துச்சுப்பா. பத்தரை மணிக்கு வந்துச்சு. நாந்தான் தப்பா எழுதிட்டேன்.”

“அதக் காப்பாத்தப் பேசுறீக.”

“உங்க வீட்டுக்கு நானே வாரேன். உங்க அம்மாகிட்டயும் சொல்றேன்.”

அதெல்லாம் வேண்டாம் என்றார் அவர். டீச்சர் ஒரு புதிய அட்டையை எடுத்து, நின்றபடியே மூன்று வரிகள் எழுதி அவர் கையில் கொடுத்தார். அவர் அதைப் படித்துவிட்டு, பழைய அட்டையோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிறகுதான் டீச்சர் கணிப்பொறியை இயக்கிக் கோப்பின் தேதியைப் பார்த்தார். சுவரில் ஒட்டிய தாளையும் பார்த்தார். “கை பழசையே அடிச்சிருச்சு” என்றார். கம்பியிலிருந்த சீட்டுகளோடு ஒப்பிட்டதில், நாற்பத்து மூன்று பேரில் உண்மையில் வராதவர்கள் ஆறு பேர். பெரிய டாக்டர் விஷயம் கேட்டு வந்தார். நல்ல மனிதர், டீச்சரைக் காப்பாற்றத்தான் பார்த்தார். மிஷின் கோளாறு என்று எழுதிவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றார்.

“மிஷின் நான் சொன்னதத்தான் டாக்டர் செஞ்சுச்சு. மிஷின் தப்புன்னு எழுதினா, அடுத்த வாரம் நிஜமா வராதவங்களும் அட்டையப் பாத்துட்டு மிஷினுக்குத்தான் கோளாறுன்னு சும்மா இருந்துருவாங்க.”

மாலைக்குள் மீதி முப்பத்தாறு அட்டைகளையும் தன் கையாலேயே எழுதி முடித்தார். என்னிடம் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். “பட்டியல்ல பத்துப் பேருக்கு மேல வந்தா, போடுறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேளுங்க தம்பி.” அதற்குப் பின் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பதினொரு மணி வாக்கில் அந்த டிராக்டர்காரர் மனைவியோடு வந்தார். நூல்கண்டுகள் வைக்கும் தகர டப்பா ஒன்று அவர் கையில் இருந்தது. அம்மா வீட்டுக்கு அனுப்பியபோது அவள் விட்டுப்போன டப்பா. அதை டீச்சரின் மேசைமேல் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை, ஆனால் வைத்தபோது உள்ளே மாத்திரைகள் குலுங்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் நிமிரவில்லை.

“தையல் முடிய இன்னும் எத்தன மாசம் டீச்சர்?”

டீச்சர் டப்பாவையும் அவர் முகத்தையும் பார்த்தார். “ஏழு மாசம்.”

“ஏழு மாசமும் நானே கூட்டியாந்து விடுறேன். எங்க அம்மாவுக்கு இது தையலாவே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வாசல் வேப்பமரத்தடியில் போய் நின்றார். ஏழு மாதமும் வந்தார். ஒரு வாரம்கூட அவர்களுக்கு அட்டை போட வேண்டியிருக்கவில்லை.

நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் அதன்பின் நான்கைந்து முறை இயங்குதளம் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் யாராவது ஒருவர் கை பழைய பழக்கத்தில் எதையாவது அழித்தது. மறுநாள் பக்கத்தின் மூலையில் ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று சிறிய எழுத்தில் போடுவோம். யாருடைய தவறு என்று அதில் இருக்காது. நானே அப்படிப் பல எழுதியிருக்கிறேன்.

முப்பத்தேழு அட்டைகளில் திரும்பி வந்தது இது ஒன்றுதான். தபால் என் கைக்குத்தான் முதலில் வரும். டீச்சரிடம் காட்டிவிட்டு நானே வைத்துக்கொண்டேன். ‘தவறு என்னுடையது’ என்று எழுதிய அவர், நாற்பத்து மூன்று என்ற எண்ணைப் பார்த்தும் கேட்காமலிருந்தவனைப் பற்றி எதுவும் எழுதவில்லை. கையொப்பத்தின் கீழே அந்த இரண்டு விரற்கடை இடம் அப்படியே இருக்கிறது. என் பெயர் எழுத அது தாராளமாகப் போதும்.