மேரியக்காவின் குறுக்குக் கை

ஈப்போ பஸ் நிலையத்துக்கு எதிர்வரிசையில் ஹுசைன் வைத்திருந்த வீடியோ கேம் கடையில், சண்டை மெஷினில் முதல் இரண்டு ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று சொன்னால், முகப்பரு வந்த ஒரு பையனைத்தான் நினைப்பீர்கள். நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் இருதயமேரி. அந்த 1988-இல் அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஜெலாப்பாங்கில் ரேடியோ உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நீலச் சட்டை, ரப்பர் சிலிப்பர், தோளில் சாப்பாட்டு டப்பா வைத்த துணிப்பை. இந்த அலங்காரத்தோடுதான் அவள் வந்து நின்று வாட்டசாட்டமான ஆட்களையெல்லாம் உதைத்துத் தள்ளினாள்.

ஷிப்டு முடிந்து ஒரு பஸ்ஸில் இங்கே இறங்கினால், புந்தோங் போகும் அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருக்கும். ஒருநாள் பேய் மழை. ஒதுங்கிய இடம் ஹுசைன் கடை. உள்ளே ஏர்கண்டிஷன் ஜில்லென்று இருந்தது. சும்மா நிற்பது அழகில்லை என்று இருபது காசு போட்டாள். அப்புறம் மழை இல்லாத நாளிலும் ஒதுங்கத் தொடங்கினாள்.

அந்த மெஷினின் தலையில் ஜப்பான் எழுத்தில் ஏதோ பேர். யாருக்கும் வாசிக்கத் தெரியாது. திரையில் உதை விழும்போதெல்லாம் சிவப்பாகத் தெறிக்கும் என்பதால், ரத்தத்துக்கு மலாயில் சொல்லும் சொல்லையே வைத்து ‘டாரா’ என்றார்கள். மேலே ஆளுக்கொரு மஞ்சள் கோடு உண்டு. அடி விழ விழக் கோடு சுருங்கும். தீர்ந்துபோனால் ஆள் காலி. கடையில் அதற்கு ‘உசுரு’ என்று பேர். மூன்று சுற்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இருவருக்கும் உசுரு மறுபடி முழுசாக நிரம்பிவிடும்.

மெஷினின் இடப்பக்கம் ஆளை நடத்தும் குச்சி. வலப்பக்கம் அடிக்கும் பொத்தான்கள். ஊர் உலகமெல்லாம் குச்சியை இடக்கையால் பிடிக்கும். மேரி மட்டும் கைகளைக் குறுக்காகப் போட்டு, வலக்கையால் குச்சியைப் பிடித்து, இடக்கை விரல்களால் பொத்தானைத் தட்டினாள். தட்டியதோடு ஜெயிக்கவும் செய்தாள். இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று கடையே முடிவு கட்டிவிட்டது. பத்துப் பேர் கையைப் பின்னிக்கொண்டு, தங்கள் முழங்கையைத் தாங்களே இடித்துக்கொண்டு வரிசையாகத் தோற்றார்கள். டயர் கடையில் வேலை பார்த்த ஜெயபாலன் மட்டும் இரண்டு மாதம் விடாமல் பழகி, குறுக்குக் கையிலேயே கெட்டிக்காரனாகிவிட்டான். இருபத்தைந்து வயது, வாய்க் கொழுப்பு கொஞ்சம் அதிகம், மனசில் ஒன்றும் கிடையாது. மேரிக்குச் சரிசமமாக நின்ற ஒரே ஆள் அவன்தான்.

சூட்சுமமாவது மண்ணாங்கட்டியாவது! 1974-இல், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், அவள் புருஷன் மத்தியாஸ் பால்வாளி சுமக்கும் காண்டாக் கம்பால் அடித்து உடைத்த இடது மணிக்கட்டு அது. தோட்டத்து மருந்தகத்தில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரசர் போட்ட கட்டு சரியில்லாமல் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. விரல்கள் நன்றாக ஓடும். மணிக்கட்டு மட்டும் திரும்பாது. கட்டுப் பிரித்த மறுநாளே ஆறு வயது மகள் ஐவியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மத்தியாஸ் துரத்தி வந்து ஈப்போ பஸ் நிலையத்தில் கூந்தலைப் பிடித்தபோது, நல்ல கையால் அவன் மூக்கில் ஒரு குத்து விட்டாள். அதன் பிறகு அந்த ஆள் ஈப்போ பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஐவி இப்போது நர்ஸுக்குப் படிக்கிறாள்.

இந்தக் கதையைக் கடையில் அவள் யாரிடமும் சொன்னதில்லை. பையன்கள் கையைப் பின்னிக்கொண்டு அல்லாடுவதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பாக வரும். பிறகு சொல்வானேன்?

டாராவில் அவளுக்குப் பிடித்தது ரத்தமல்ல. அந்த மஞ்சள் கோடு நிரம்புகிற நேரம்தான். முதல் சுற்றில் துவைத்துக் காயப்போட்டிருப்பார்கள். மணி அடித்ததும் புத்தம் புதிதாக எழுந்து நிற்கலாம். பதினான்கு வருஷமாக மழைக்காலம் வந்தால் அந்த மணிக்கட்டு வலிக்கிறது. பட்ட அடி ஒன்றுகூட மிச்சமில்லாமல் எழுந்து நிற்பது அவளுக்கு உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான் கிடைத்தது.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. மாடியில் டியூஷன் நடத்திய வாத்தியார், மெஷினில் ரத்தம் அதிகம் என்று புகார் சொன்னார். ஹுசைன் நியாயம் பார்க்கிற மனிதர். பழைய காலண்டர் தாளைத் திருப்பிச் சுவரில் ஒட்டி, பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்.

“சனிக்கிழம மெக்கானிக் வாரான். உள்ளுக்குச் சின்னச் சின்ன சுவிட்ச் இருக்கு, நிறைய மாத்தலாம். விளையாடுறவங்களே எழுதுங்க. அதிகம் பேரு என்ன சொல்றாங்களோ அதான் நடக்கும்” என்றார்.

தாள் இரண்டே நாளில் நிரம்பியது. சந்தையில் ஆட்டிறைச்சி வெட்டும் அர்ச்சுனன், ‘ஒரு ஆட்ட முழுசா வெட்டுனாலும் இவ்வளவு தெறிக்காது, பொய்’ என்று எழுதியிருந்தான். விடுமுறைக்கு வந்த லூமுட் கடற்படைக்காரன் செபாஸ்டியன், ‘கலர் சரியில்லை, தக்காளி சாஸ் மாதிரி இருக்கு’ என்றான். ‘ரத்தத்தை எடுத்தால் நான் வரமாட்டேன்’ என்று பேர் போடாமல் ஒரு வீரர். நடுவில் கொட்டை எழுத்தில் ஜெயபாலன்: ‘நிஜத்துல அடிபட்டவன் புதுசா எந்திரிப்பானா? அடுத்த ரவுண்டுலயும் பழைய அடி இருக்கணும். தோத்தவனுக்குப் பாதி உசுரு, ஜெயிச்சவனுக்கு மிச்ச உசுரு.’ அதன் கீழே, சரி என்று சொல்லிப் பதினோரு கோடுகள்.

மேரி படித்தாள். பேனாவை இழுத்து அடியில் எழுதினாள்: ‘உசுரு முழுசாவே நிரம்பட்டும். இருதயமேரி.’

“என்னக்கா நீங்களே இப்படிச் சொல்றீங்க? நிஜம் மாதிரி இருந்தாத்தான லா நல்லா இருக்கும்!” என்றான் ஜெயபாலன்.

“நிஜம் வேணும்னா வெளியில கொட்டிக் கெடக்கு தம்பி. அதுக்கு இருபது காசு போட வேண்டியதில்ல.”

“பயம் வந்திருச்சு உங்களுக்கு. அடின்னா என்னன்னு தெரிஞ்சவன் இப்படிப் பேச மாட்டான்.”

மேரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு சொல்லில் அவன் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் அவளுக்கு அனுதாப ஓட்டு வேண்டியிருக்கவில்லை.

“சனிக்கிழம உன் சட்டத்துலயே விளையாடுவோம். நான் ஜெயிச்சா நான் சொன்னதுதான் நடக்கணும். என்ன ஹுசைன் அண்ணே?”

“ஜெயபாலனுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்” என்றார் ஹுசைன். ஜெயபாலன் துள்ளிக் குதித்துச் சம்மதித்தான்.

சனிக்கிழமை கடையில் கால் வைக்க இடமில்லை. சீன மெக்கானிக் பின்பக்கத்தைத் திறந்து எட்டிப் பார்த்து, மலாயில் “போலே லா”, முடியும், என்று சொல்லிச் சுவிட்சைத் தட்டினான். மேரியும் ஜெயபாலனும் பக்கத்தில் பக்கத்தில், நாலு கையும் குறுக்காக நின்றார்கள்.

முதல் சுற்று ஜெயபாலனுக்கு. உசுரில் கால் பங்குகூடக் குறையாமல் ஜெயித்தான். இரண்டாம் சுற்றில் மேரியின் கோடு பாதியில் நின்றது, நிரம்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தடுத்துத் தடுத்து, ஒவ்வொரு உதையாகச் சேர்த்து அந்தச் சுற்றை எடுத்தாள். மூன்றாம் சுற்றுக்கு அவனிடம் பாதி உசுரு. அவளிடம் நகக்கண் அளவு. ஒரே ஒரு அடி பட்டால் முடிந்தது. அவளோ அடிக்கப் போகவே இல்லை. அவன் பாய்ந்தான், அவள் விலகினாள். பாய்ந்து விழுந்தவன் எழும்போதெல்லாம் ஒரு உதை கொடுத்தாள். அப்படியே ஆறு உதை. ஜெயபாலனின் ஆள் சாய்ந்தான்.

கடை அதிர்ந்தது. ஜெயபாலன் முகம் வாடவில்லை, குதூகலமாகத் திரும்பினான்.

“பாத்தீங்களாக்கா! அவ்வளவு கொஞ்ச உசுர வச்சிக்கிட்டே ஜெயிச்சிட்டீங்க. அப்ப என் சட்டத்துல என்ன குறை? சொல்லுங்க!”

அவன் கேட்டது நியாயம்தான். பின்னால் நாலைந்து தலைகள் ஆடின. ஹுசைன்கூட யோசனையோடு தாடியைத் தடவினார். ஜெயித்தும் தோற்றுப்போய்விடுவோம் போலிருக்கிறதே என்று மேரிக்குத் தோன்றியது. இடக்கையை மெஷின் கண்ணாடிமேல் வைத்தாள்.

“இதக் கொஞ்சம் திருப்பிப் பாரு.”

அவன் திருப்பினான். மணிக்கட்டு பாதியில் நின்றது.

“ஏன்கா திரும்ப மாட்டேங்குது?”

“எழுபத்து நாலுல என் புருஷன் காண்டாக் கம்பால அடிச்சது. குச்சி பிடிக்க வராது, அதான் கையக் குறுக்கப் போடுறேன். ஸ்டைலு இல்ல தம்பி.”

ஜெயபாலன் அவள் கையைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மிச்ச உசுர வச்சிக்கிட்டு ஜெயிக்க முடியாதுன்னு நான் சொல்லல. ஜெயிச்சிட்டுத்தான் வந்து நிக்கிறேன். பிள்ளையப் படிக்க வச்சிருக்கேன். அது என்ன பாடுன்னு தெரியும். இங்கயாவது முழுசா எந்திரிக்கலாமேன்னுதான் வாரேன்.”

ஜெயபாலன் கயிற்றில் தொங்கிய பேனாவை எடுத்துத் தன் கொட்டை எழுத்தைத் தானே அடித்தான். ஹுசைன் கண் காட்ட, மெக்கானிக் சுவிட்சைப் பழையபடி மாற்றினான்.

“இன்னொரு ஆட்டம் போலாம்கா” என்று ஜெயபாலன் காசு போட்டான். பழக்கத்தில் கைகளைக் குறுக்கே கொண்டுபோனவன், சட்டென்று நிறுத்தி, பிரித்து, குச்சியை இடக்கையால் பிடித்தான். அது அவனுக்கு மறந்தே போயிருந்தது. முதல் சுற்றில் செமத்தியாக வாங்கினான்.

“கவலப்படாத தம்பி” என்றாள் மேரி.

மணி அடித்தது. மேலே அவனுடைய மஞ்சள் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிரம்பியது.